தள்ளுபடிக்குப் பெயர் தள்ளுபடிதான்: டிஸ்க் செய்யும் கம்பெனிகளுக்கு டர்பனிலிருந்து ஒரு திறந்த மடல்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் டிஸ்க் கோல்ஃப் தட்டு வார்க்கும் கம்பெனிக்காரர்களுக்கு,

வணக்கம். நான் ஆட்டக்காரன் இல்லை. வயது ஐம்பத்து மூன்று, வலது தோள் இறங்கிப் போனது, நான் எறிந்த தட்டு பக்கத்து வீட்டுக் கூரையைத்தான் தேடிப் போகும். ஆனால் உங்கள் தொழிலில் பாதி எனக்கும் தெரியும். ஐடிஐ முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் மோல்டு, அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு, செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்தவன். பதினான்கு வருடமாக தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு மேற்கே பைன்டவுனில் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில் இன்ஜெக்‌ஷன் மோல்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். பக்கெட், மூடி, பாட்டில் கிரேட். உங்கள் தட்டும் அதே சாதிதான். உங்களுடையது பறக்கும், எங்களுடையது தண்ணீர் பிடிக்கும்.

தமிழில் எழுதினால் நீங்கள் எப்படிப் படிப்பீர்கள் என்று கேட்கலாம். உங்கள் கம்ப்யூட்டர் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். அதைவிட, நான் சொல்லப்போகும் மின்னஞ்சல் போலவே ஒன்று சென்னையிலும் கோலாலம்பூரிலும் டொரண்டோவிலும் ஏதோ ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வந்திருக்கும், இல்லையென்றால் வரும். அதன் அப்பா அம்மா முதலில் இதைப் படிக்கட்டும். அவர்களுக்காகச் சொல்கிறேன்: டிஸ்க் கோல்ஃப் என்றால், பந்தைக் குழியில் போடுவதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடை ஒவ்வொன்றிலும் போட வேண்டும். குறைந்த எறியில் முடித்தவர் வெற்றி.

நான் குடியிருப்பது டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த் பேட்டையில். வீட்டுக்காரம்மாவைத் தெருவே ஆயா என்றுதான் கூப்பிடும். அவர் பேத்திக்குப் பதினேழு வயது. தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. என்னை அங்கிள் என்பாள். 2021 ஜூனில் யூட்டா மாநிலத்து ஆக்டனில் நடந்த உலகப் போட்டியின் கடைசிக் கூடையை வீடியோவில் பார்த்ததிலிருந்து அவளுக்கு இந்தப் பைத்தியம். பால் மெக்பெத் ஓர் எறி முன்னால் இருக்கிறார். ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து எறிகிறார், தட்டு நேராகச் சங்கிலியில் போய் விழுகிறது. ஆட்டம் சமன், பிறகு நடந்த கூடுதல் கூடையில் கான்ராட் வெற்றி. அந்த ஒரு நிமிடத்தை அவள் எனக்கே இருபது முறை காட்டியிருப்பாள். எனக்கும் பிடித்தது, காரணம் வேறு. கான்ராட் கையில் இருந்தது எம்விபி கம்பெனியின் என்வி என்ற தட்டு. நடுப்பகுதி ஒரு பிளாஸ்டிக், விளிம்பு வேறு பிளாஸ்டிக், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வார்ப்பது. அந்த ஒட்டு பிரியாமல் நிற்க மோல்டு ஃபிட்டர் எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பான் என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

எங்கள் பேட்டையில் கூடை கிடையாது. நான்தான் ஒன்று செய்து கொடுத்தேன். பழைய வாஷிங் மெஷின் டிரம் கீழே, சைக்கிள் ரிம் மேலே, நடுவில் ஹார்டுவேர் கடைச் சங்கிலி பன்னிரண்டு துண்டு. வெல்டிங் அழகாக இருக்காது, ஆனால் தட்டு விழுந்தால் சங்கிலி அந்தச் சத்தத்தைச் சரியாகப் போடும். காலையில் குரங்குகள் அதன்மேல் உட்கார்ந்து பேன் பார்க்கும். மைதானத்து ஓரத்தில் நட்டு வைத்தோம். முதலில் அவள் மட்டும், பிறகு பக்கத்துத் தெருப் பிள்ளைகள் நான்கு பேர், போன பள்ளி விடுமுறையில் எண்ணினால் பதினோரு பேர். எல்லாருக்கும் சேர்த்து ஆறு தட்டு. வரிசையில் நின்று எறிந்தார்கள்.

அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. உங்களில் ஒருவர் அனுப்பியது. யார் என்று எழுதப்போவதில்லை. ஒருவர் மட்டும் செய்கிற காரியமாக இருந்தால் பெயர் சொல்லிச் சண்டை போட்டிருப்பேன்.

“வாழ்த்துகள், நீங்கள் எங்கள் அணியில் தேர்வாகியிருக்கிறீர்கள்.” அவள் மாடிப்படியில் குதித்து இறங்கிய சத்தம் எனக்குக் கீழே கேட்டது. ஸ்பான்சர் கிடைத்துவிட்டதாம்! ஆயா விளக்கேற்றினார். நானும் இனிப்பு வாங்கி வந்தேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் அந்தத் தாளை அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னேன். நான்கு பக்கம். அவள் உங்கள் தட்டை மட்டும்தான் எறிய வேண்டும். சமூக வலைத்தளத்தில் வாரத்துக்கு மூன்று பதிவு போட வேண்டும். அணிச் சட்டை போட்டுக்கொண்டுதான் போட்டியில் நிற்க வேண்டும், சட்டையை அவளே வாங்கிக்கொள்ள வேண்டும். அவளுடைய படங்களை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இதற்கெல்லாம் பதிலாக நீங்கள் கொடுப்பது? உங்கள் கடையில் அவள் வாங்கும் பொருளுக்கு 30% தள்ளுபடி. அவள் பெயரில் கொடுத்த தள்ளுபடிக் குறியீட்டைப் போட்டு வேறு யாராவது வாங்கினால் அவர்களுக்கு 10%. பணமாக ஒரு காசு இல்லை. ஓசித் தட்டு ஒன்றுகூட இல்லை.

ஆயாவுக்குத் தமிழில் வரி வரியாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னார்: “படிக்காம கைநாட்டு வெச்சவங்க வம்சம் நாம. இவ படிச்சவ. படிச்சுட்டுப் போடட்டும்.” 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து இந்தத் துறைமுகத்தில் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலி ஆள் இறக்கியதிலிருந்து ஒப்பந்தம் என்ற சொல்லுக்கு இந்த வீடுகளில் ஒரு தனி வாடை உண்டு. கரும்புக் காட்டையும் உங்கள் தட்டையும் நான் முடிச்சுப் போடவில்லை, அது அநியாயம். ஆயா போட்டார், அதை எழுதினேன். பேத்தி படித்தாள், சிரித்தாள், கையெழுத்தும் போட்டாள். பதினேழு வயதில் நானும் போட்டிருப்பேன்.

கணக்கு இப்படி வந்தது. நான்கு தட்டு, ஒரு சட்டை, தள்ளுபடி போக 96 டாலர். கடல் தாண்டி அனுப்பும் கூலி 48 டாலர். இங்கே வந்து இறங்கியதும் இறக்குமதித் தீர்வை, அதற்குமேல் 15% வாட் வரி, அதற்குமேல் கூரியர்காரனின் கிளியரிங் கட்டணம். ஆகமொத்தம் எங்கள் ஊர்ப் பணத்தில் மூவாயிரத்து ஐந்நூறு ரேண்டைத் தொட்டது. ஆயாவுக்கு மாதாமாதம் வரும் அரசாங்க முதியோர் பணம் இரண்டாயிரத்துச் சொச்சம். நீங்கள் கொடுத்த முப்பது விழுக்காடு தபால்கூலிக்கே காணவில்லை.

சரி, வாங்கியாயிற்று. பத்து நாளில் தூரத்துக்கு எறிகிற டிரைவர் என்ற தட்டு உம்லத்துசானா ஆற்றுக்குள் போய்விட்டது. அன்று கடல்காற்று பலமாக இருந்தது, அவள்மேல் தப்பு இல்லை. அமெரிக்காவில் ஒரு பையன் தட்டைத் தொலைத்தால் மாலையில் கடைக்குப் போய் இன்னொன்று வாங்குவான். இங்கே அதே தட்டு வேண்டுமென்றால் இன்னொரு பார்சல், இன்னொரு தீர்வை. அதனால் அவள் தன் பழைய தட்டை எடுத்து எறிந்தாள். வேறு கம்பெனித் தட்டு, விளிம்பெல்லாம் கடிபட்டு வெள்ளை பூத்தது. சின்னப் பிள்ளைகள் எடுத்த வீடியோவில் அது மூன்று விநாடி தெரிந்தது.

மூன்றாம் நாள் எச்சரிக்கைக் கடிதம். ஒப்பந்த மீறலாம். அடுத்த மாதம் பதிவு எண்ணிக்கை குறைந்தது என்று இன்னொரு கடிதம், அப்போது அவளுக்குப் பரீட்சை. அதற்கடுத்து, “எங்களோடு பயணித்ததற்கு நன்றி.” அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு அடைப்புக்குறி, நடுவில் ஒன்றுமில்லை. பெயரை நிரப்பக்கூட உங்கள் மெஷினுக்கு நேரமில்லை.

இப்போது நான் மோல்டு ஃபிட்டராகப் பேசுகிறேன். “எங்கள் தட்டு மட்டும்” என்ற அந்த விதியை என்னால் விழுங்க முடியவில்லை, ஏனென்றால் தட்டை யார் வார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பின்லாந்தில் தொடங்கிய டிஸ்க்மேனியாவின் தட்டுகளை வருடக்கணக்காக கலிஃபோர்னியாவின் இன்னோவாதான் வார்த்துக் கொடுத்தது. கன்சாஸ் மாநிலத்து டைனமிக் டிஸ்க்ஸின் தட்டுகளை ஸ்வீடனில் லாட்டிட்யூட் 64 வார்த்துக் கொடுத்தது. அதில் தப்பே இல்லை. எங்கள் ஃபேக்டரியிலும் ஒரே மெஷினில் காலையில் ஒருவர் மூடி, மாலையில் இன்னொருவர் மூடி. ஆனால் பங்காளிகளாக ஒரே அடுப்பில் சமைத்துவிட்டு, சாப்பிடுகிற பிள்ளையிடம் மட்டும் அவன் வீட்டுச் சோற்றைத் தொடாதே என்பது வேடிக்கை. கடைசியில் அவள் விசுவாசம் காட்ட வேண்டியது பிளாஸ்டிக்குக்கு அல்ல, அதன் முதுகில் சூடான அச்சை வைத்து ஃபாயில் அழுத்துகிறீர்களே, அந்த முத்திரைக்கு.

அந்த முத்திரையில்தான் காசும் இருக்கிறது என்பதும் தெரியும். தட்டின் அளவுக்கு ஆட்டச் சங்கம் வேலி போட்டிருக்கிறது. விட்டம் 21 செ.மீ.க்குக் குறையக்கூடாது, ஒரு செ.மீ. விட்டத்துக்கு 8.3 கிராமுக்கு மேல் எடை கூடாது. அதனால்தான் உங்கள் டிரைவர்கள் எல்லாம் 175 கிராமில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த 175 கிராம் பாலியூரித்தேனுக்கு என்ன விலை என்று என்னிடம் கேட்காதீர்கள், சொல்லிவிடுவேன். வேகம், மிதப்பு, திருப்பம், கடைசிச் சாய்வு என்று நான்கு எண்ணை முதுகில் அச்சடிக்கிறீர்கள். கூலிங்கில் சில விநாடி மாறினாலும் தட்டின் முதுகு மேடு மாறும், மேடு மாறினால் பறப்பது மாறும். ஒரே மோல்டு, ஒரே எண், இரண்டு பேட்ச், இரண்டு குணம். இதைப் பார்த்துத்தான் சேகரிக்கிறவர்கள் முதல் வார்ப்புக்கு அலைகிறார்கள். அதே தட்டில் ஒரு வீரரின் பெயரைப் பொறித்தால் இன்னும் சில டாலர் கூடும், அதில் ஒரு பங்கு அவருக்குப் போகும். நல்ல ஏற்பாடு. வேனில் படுத்துத் தூங்கி ஊர் ஊராகப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் பொறித்த தட்டுகள்தான் பெட்ரோல் காசு.

மேலே இருப்பவர்களின் ஒப்பந்தத்தைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சலும் கிடையாது. மெக்பெத் 2018 முடிவில் இன்னோவாவை விட்டு மிச்சிகனின் டிஸ்கிராஃப்டுக்குப் போனார். 2021-இல் அவர்களோடு பத்து வருடத்துக்கு ஒரு கோடி டாலர் ஒப்பந்தம். அவருக்கு அது தகும். 2012 முதல் 2015 வரை வரிசையாக நான்கு, பிறகு 2019, பிறகு 2022 என்று ஆறு உலகப் பட்டம். அவருக்கு முன்னால் பன்னிரண்டு உலகப் பட்டம் வாங்கிய கென் கிளைமோவின் காலத்தில் இப்படி ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். எஸ்டோனியாவிலிருந்து வந்த கிறிஸ்டின் தாத்தார் 2022-லும் 2023-லும் உலகப் பட்டம் வென்றார். சின்ன நாட்டுப் பெண் ஒருத்தி மேலே வர முடியும் என்று எங்கள் வீட்டுப் பெண் சுவரில் படம் ஒட்டியிருக்கிறாள். (தாத்தார் என்றால் ஆயா ‘தாத்தா’ என்று கேட்டு, இந்தப் பெண்ணுக்கு ஏன் தாத்தா என்று பெயர் என்பார். விளக்கிச் சொல்லி அலுத்துப் போனேன்.)

இந்தக் கோடி டாலரும் எங்கள் வீட்டு முப்பது விழுக்காடும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவதுதான் என் வழக்கு. இரண்டுக்கும் பெயர் ஸ்பான்சர்ஷிப். முதலாவதில் நீங்கள் கொடுக்கிறீர்கள், அவர் விளம்பரம் செய்கிறார். இரண்டாவதில் அவள் கொடுக்கிறாள், விளம்பரத்தையும் அவளே செய்கிறாள். எங்கள் தமிழில் புரவலர் என்று ஒரு சொல் உண்டு. புலவன் பாடிக்கொண்டு போனால் யானையோ, ஊரோ, குறைந்தது ஒரு வேளைச் சோறோ கொடுத்தவன். என் அரண்மனைக் கடையில் முப்பது விழுக்காடு குறைத்துத் தருகிறேன், வாரம் மூன்று பாட்டுப் பாடு என்று சொன்னவனை யாரும் அப்படி அழைத்ததில்லை.

இந்த ஊரில் ஸ்பான்சர் என்றால் என்ன என்று காட்டிய கதை ஒன்று இருக்கிறது. சியூசங்கர் ‘பாப்வா’ சிவ்கோலம் என்ற கோல்ஃப் வீரர் டர்பன் இந்தியர். கோல்ஃப் மைதானத்தில் மட்டை தூக்கும் வேலை செய்தவர். கை வைக்கும் முறையே தலைகீழ்: மற்றவர்களுக்கு எந்தக் கை கீழே இருக்குமோ, இவருக்கு அது மேலே. அவரிடம் இருந்த ஆட்டத்தைக் கண்டுகொண்டவர் கிரஹாம் வுல்ஃப் என்ற வெள்ளைக்காரர், டர்பனில் ஆயில் ஆஃப் ஓலே முகக் கிரீமை உருவாக்கிய அதே ஆள். அவர் செலவில்தான் பாப்வா ஐரோப்பா போனார். 1959-இல் டச்சு ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றார், 1960-இல் மறுபடி, 1964-இல் மூன்றாவது முறை. உள்ளூரில் 1963-இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது, இந்தியர் என்பதால் கிளப்புக்குள் விடாமல் மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகம் சுற்றியது. ஆயாவின் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை மழை பெய்தால் இந்தக் கதையைத்தான் எடுப்பாராம். அந்தக் கதையில் வுல்ஃப் ஓரமாக வந்து போகிறவர்தான். ஆனால் ஒருவர் கையில் ஆட்டம் இருந்தது, வழிச்செலவுக்குக் காசு இல்லை, இன்னொருவர் காசைக் கொடுத்தார். அவ்வளவு நேரான காரியம் அது.

எனவே கேட்கிறேன். பெரிய கேள்வி ஒன்றும் இல்லை.

தள்ளுபடி கொடுக்கிறீர்களா, கொடுங்கள், நன்றி. தள்ளுபடி என்றே எழுதுங்கள். ‘தேர்வானீர்கள்’ என்று எழுதாதீர்கள். தேர்வு என்ற சொல்லைப் பார்த்து ஒரு வீட்டில் விளக்கேற்றுகிறார்கள். காசோ தட்டோ கொடுக்காத வரைக்கும் “எங்கள் தட்டு மட்டும்” என்ற வரியை அடித்துவிடுங்கள். வாங்கினவள் அவள், எதை எறிவது என்பது அவள் பாடு. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையானால் கடிதத்தைப் பெற்றவர்களுக்கும் அனுப்புங்கள். கடல் தாண்டியிருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதுமுன், கூலி, தீர்வை, வாட் எல்லாம் சேர்த்து அவள் வாசலில் என்ன விலை ஆகும் என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கூட்டிப் பார்த்த பிறகும் வாழ்த்துகள் என்று எழுத மனம் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்குமேல் ஏதாவது செய்ய நினைத்தால், குறியீடு வேண்டாம். லாட்டிட்யூட் 64 என்ற பெயரே ஸ்கெலெஃப்டியோ ஊர் வடக்கே 64-ஆவது பாகையில் இருப்பதால் வந்தது. நாங்கள் தெற்கே 30-ஆவது பாகையில் இருக்கிறோம். இங்கே தட்டு எறிய வருடம் முழுக்க வெயில் இருக்கிறது, பனி கிடையாது, காட்டை வெட்ட வேண்டியதில்லை. பதினோரு பிள்ளைகள் ஒரு டிரம்முக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். இந்த ஆட்டத்துக்குள் கூடையைக் கொண்டுவந்தவர் எட் ஹெட்ரிக். 1976-இல் உங்கள் ஆட்டச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. 2002-இல் இறந்தபோது அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டு வார்த்தார்கள். இதைக் கேட்டதும் ஆயா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஆத்துல கரைக்கிறதுக்கு அது தேவலை, வெளையாடுற பிள்ளைங்க கையில இருக்கும்” என்றார். ஹெட்ரிக் போன வழியில் நீங்களும் இரண்டு கூடை அனுப்பலாம். வார்ப்பில் நிறம் கலங்கியது, முத்திரை கோணலாக விழுந்தது என்று ஒதுக்கிப் போடுவீர்களே, எங்கள் ஃபேக்டரியிலும் அந்த மூட்டை உண்டு. அதில் நாற்பது தட்டு சேர்த்துப் போடுங்கள். பறப்பதற்கு நிறம் எதற்கு.

தீர்வையை நான் கட்டுகிறேன், அது என் பொறுப்பு. ஃபேக்டரியில் ஓவர்டைம் இருக்கிறது.

அந்தப் பெண் இப்போதும் ஆடுகிறாள். சட்டை ஆயாவுக்குத் துடைப்புத் துணி ஆகிவிட்டது. மிச்சமிருந்த மூன்று தட்டையும் சின்னப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, கடிபட்ட பழையதை அவள் வைத்துக்கொண்டாள். கம்பெனி முத்திரை தேய்ந்து போன இடத்தில் மார்க்கரால் சாட்ஸ்வர்த் என்று எழுதியிருக்கிறாள்.

ஒன்றை மறந்துவிட்டேன். கூடை அனுப்புவதாக இருந்தால் சாதாரண ஜிங்க் பூச்சுச் சங்கிலி போடாதீர்கள். இங்கே கடல்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது, என்னுடையது ஏற்கெனவே துரு விட ஆரம்பித்துவிட்டது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்டெயின்லெஸ். வெறும் சங்கிலியை மட்டும் அனுப்பினாலும் போதும், கம்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு மோல்டு ஃபிட்டர்